சீனாவை இந்தியா முந்தியது எந்த மாதம்?

2023 ஏப்ரல் 24 அன்று ஐக்கிய நாடுகள் சபை ஒரு செய்தியை வெளியிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் இந்தியாவின் மக்கள்தொகை 1,42,57,75,850 ஆகிவிடும், சீனாவைத் தொட்டு அதைத் தாண்டியும் போய்விடும் என்றது அந்தச் செய்தி. உலகிலேயே அதிக மக்கள் வாழும் நாடு என்ற இடம் சீனாவிடமிருந்து நமக்கு வந்தது.

அந்த எண்ணை இன்னொரு முறை பாருங்கள். கோடி, லட்சம், ஆயிரம் எல்லாம் போய், கடைசியில் 850 பேர் வரை இருக்கிறது. யாரோ உட்கார்ந்து ஒவ்வொருவராக எண்ணியிருப்பார்கள் என்றுதானே தோன்றும்? யாரும் எண்ணவில்லை. நம் நாட்டில் வீடு வீடாகப் போய் ஆட்களை எண்ணுவது பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும். கடைசியாக நடந்தது 2011-இல். அப்போது சுமார் 27 லட்சம் பேர் தெருத்தெருவாக அலைந்து அந்த வேலையைச் செய்தார்கள். அவர்களில் நிறையப் பேர் பள்ளி ஆசிரியர்கள். அடுத்தது 2021-இல் வந்திருக்க வேண்டும். கொரோனா வந்து அதைத் தள்ளிப்போட்டுவிட்டது.

எண்ணாமலே, 2023 ஏப்ரல் என்று மாதத்தோடு எப்படிச் சொன்னார்கள்? எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் நீங்கள் போடும் சமன்பாடுதான் இதற்கு அடித்தளம். ஐ.நா.வின் கணக்கு நம்முடையதைவிடப் பல மடங்கு பெரியது. பிறப்பு, இறப்பு, வயது, இடப்பெயர்வு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு தாள், ஒரு பென்சில், ஒரே ஓர் எழுத்து இவற்றை வைத்துக்கொண்டு நாமும் அந்த மாதத்துக்குப் போய்ச் சேர முடிகிறதா என்று பார்க்கலாம், வாருங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இதில் வரும் ஊர்கள் கற்பனை ஊர்கள்.

கிழக்கூரில் 12,000 பேர் இருக்கிறார்கள். ஆண்டுக்கு 300 பேர் கூடுகிறார்கள். பக்கத்து ஊரான மேற்கூரில் 16,500 பேர். அங்கே ஆண்டுக்கு 150 பேர் குறைகிறார்கள். எத்தனை ஆண்டுகளில் இரண்டு ஊர்களிலும் மக்கள் எண்ணிக்கை சமமாகும்?

இப்படி ஒரு கணக்கைப் பார்த்ததும் பலர் அவசரமாக ஓர் எழுத்தை எழுதிவிட்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிப்பார்கள். எழுத்து கொஞ்சம் காத்திருக்கட்டும். அதற்கு முன்னால் கதையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் மாறாமல் இருப்பது எது? கிழக்கூரின் மக்கள்தொகை ஆண்டுதோறும் மாறுகிறது. மேற்கூரின் மக்கள்தொகையும் மாறுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசமும் மாறுகிறது. மாறாதவை இரண்டே இரண்டு: ஆண்டுக்குக் கூடும் அந்த 300, ஆண்டுக்குக் குறையும் அந்த 150. இது பிடிபட்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

இப்போது எழுத்தைக் கூப்பிடலாம். வகுப்பில் எக்ஸ் என்று எழுதுவீர்கள். நாம் ‘வ’ என்று வைத்துக்கொள்வோம், வருடத்தின் முதல் எழுத்து. ‘வ’ ஆண்டுகள் கழித்துக் கிழக்கூரில் எத்தனை பேர்? இருந்த 12,000, கூடவே ‘வ’ தடவை 300. மேற்கூரில்? இருந்த 16,500-இலிருந்து ‘வ’ தடவை 150 போய்விடும். இரண்டும் சமமாக வேண்டும் என்பதுதானே கேள்வி?

12,000 + 300 வ = 16,500 − 150 வ

இரண்டு பக்கமும் 150 வ கூட்டினால் வலப்பக்கம் வெறும் 16,500 நிற்கும். இடப்பக்கம் 12,000 + 450 வ. பிறகு இரண்டு பக்கமும் 12,000-ஐக் கழித்தால் 450 வ = 4,500. ஆகவே வ = 10. பத்து ஆண்டு கழித்துக் கிழக்கூரில் 12,000 + 3,000 = 15,000 பேர். மேற்கூரில் 16,500 − 1,500 = 15,000 பேர். சரியாக இருக்கிறது.

நடுவில் 450 என்று ஓர் எண் வந்ததே, கவனித்தீர்களா? கேள்வியில் அது இல்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே இருந்த 4,500 பேர் இடைவெளி ஆண்டுக்கு 450 வீதம் சுருங்குகிறது என்பதுதான் அதன் பொருள். முன்னால் நடந்து போகிறவரைச் சைக்கிளில் துரத்திப் பிடிப்பதும் இதே கணக்குதான். எவ்வளவு தூரம் முன்னால் போய்விட்டார், நம் வேகம் அவருடையதைவிட எவ்வளவு அதிகம், இந்த இரண்டும் தெரிந்தால் போதும். இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கணக்கில் நம்மைக் காப்பாற்றப்போவது இதுதான்.

நிஜ நாடுகளுக்கு வருவோம்

இனிமேல் எல்லா எண்களும் உண்மையானவை. கோடியிலேயே எழுதுவோம், இல்லாவிட்டால் பூஜ்யங்கள் தாளை நிரப்பிவிடும்.

2001 மார்ச் 1 அன்று இந்தியாவில் 102.87 கோடிப் பேர் இருந்தார்கள். 2011 மார்ச் 1 அன்று 121.09 கோடி. பத்து ஆண்டில் கூடியது 18.22 கோடி. ஆண்டுக்குச் சராசரியாக 1.82 கோடி.

சீனாவும் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணுகிறது, ஆனால் நவம்பர் 1-ஆம் தேதியை வைத்து. 2000 நவம்பரில் 126.58 கோடி. 2010 நவம்பரில் 133.97 கோடி. கூடியது 7.39 கோடி. ஆண்டுக்கு ஏறத்தாழ 0.74 கோடி.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் எண் மார்ச் மாதத்து எண், அவர்களுடையது அதற்கு நான்கு மாதம் முந்தையது. வெவ்வேறு நாளில் எடுத்த எண்களை ஒரே சமன்பாட்டில் போடக் கூடாது. அதனால் சீனாவை 2011 மார்ச்சுக்குக் கொண்டுவருவோம். நான்கு மாதம் என்பது ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. 0.74-இல் மூன்றில் ஒரு பங்கு சுமார் 0.25. ஆக 2011 மார்ச்சில் சீனாவில் 134.22 கோடிப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்தக் கேள்வி: எது மாறாமல் இருக்கிறது? இரண்டு நாடுகளும் 2011-க்குப் பிறகும் முன்போலவே, ஆண்டுக்கு அதே 1.82 கோடி, அதே 0.74 கோடி என்று கூடுகின்றன என்று எடுத்துக்கொள்வோம். இது நாம் எடுத்துக்கொண்டது, எங்கும் எழுதி வைத்த உண்மை அல்ல. தாளின் ஓரத்தில் இதைக் குறித்து வையுங்கள்.

121.09 + 1.82 வ = 134.22 + 0.74 வ

கிழக்கூர் கணக்குப் போலவேதான். இரண்டு பக்கமும் 0.74 வ-வைக் கழியுங்கள், 121.09-ஐக் கழியுங்கள்.

1.08 வ = 13.13

13.13-ஐ 1.08-ஆல் வகுத்தால் 12.16 வருகிறது. பன்னிரண்டு முழு ஆண்டு, மீதி 0.16 ஆண்டு. 0.16-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 1.92, அதாவது கிட்டத்தட்ட இரண்டு மாதம். 2011 மார்ச் 1-லிருந்து பன்னிரண்டு ஆண்டு போனால் 2023 மார்ச் 1. இன்னும் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போனால் ஏப்ரல் கடைசி வாரம்.

2023 ஏப்ரல்! ஐ.நா. சொன்ன அதே மாதம்.

விடை சரி, ஆனால் எப்படி?

சந்தோஷப்படுங்கள், தவறில்லை. ஆனால் அறிவியலில் விடை பொருந்திவிட்டதும் எழுந்து போய்விடக் கூடாது. ஏன் பொருந்தியது என்று கேட்பதில்தான் சுவை இருக்கிறது.

நம் தொடக்க எண்ணில் ஒரு கோடி தவறு இருந்திருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். சீனாவில் 134.22-க்குப் பதில் 135.22 கோடி இருந்ததாக வைத்தால் இடைவெளி 14.13 ஆகும். 1.08-ஆல் வகுத்தால் 13.08. கிட்டத்தட்ட பதினோரு மாதம் தள்ளிப்போய்விட்டது! நூற்று முப்பது கோடியில் ஒரு கோடி என்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு சின்னப் பிழைக்கு விடையில் ஏறக்குறைய ஓர் ஆண்டு நகர்கிறது. இரண்டு நாடுகளும் அடுத்தடுத்து ஓடும்போது, எந்தக் கணத்தில் ஒன்று மற்றொன்றைக் கடக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினம். ஆகவே நமக்கு ஏப்ரல் என்றே கிடைத்ததில் கொஞ்சம் தற்செயலும் இருக்கிறது. ‘2023-ஐ ஒட்டி’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அதுதான் நேர்மையான விடை.

இன்னொன்றும் பாருங்கள். வ = 12.16 என்று போட்டால் நம் சமன்பாட்டின்படி இரு நாட்டிலும் 143.2 கோடிப் பேர் இருக்க வேண்டும். ஐ.நா. சொன்னதோ 142.58 கோடி. மாதம் பொருந்துகிறது, ஆள் எண்ணிக்கை பொருந்தவில்லை! அறுபது லட்சத்துக்கும் மேல் வித்தியாசம். இந்தியா 121.09-இலிருந்து 142.58-க்குப் போக 12.16 ஆண்டு எடுத்ததென்றால், ஆண்டுக்குக் கூடியது 1.77 கோடி. நாம் எடுத்துக்கொண்டது 1.82. சீனா 134.22-இலிருந்து அதே 142.58-க்குப் போனதென்றால், ஆண்டுக்கு 0.69 கோடி. நாம் எடுத்துக்கொண்டது 0.74.

இரண்டிலுமே 0.05 கோடி கூடுதலாக எடுத்துவிட்டோம். ஆனால் இடைவெளி சுருங்கும் வேகம்? 1.77-இலிருந்து 0.69-ஐக் கழித்தால் அதே 1.08! தொடக்க இடைவெளி தெரிந்த பிறகு, எந்த மாதத்தில் கடக்கும் என்பதை முடிவு செய்வது வேக வித்தியாசம் மட்டும்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவு தவறியதால் பிழை பிழையை அடித்துவிட்டது. நாம் சமன்பாட்டில் ஒரு பக்கத்திலிருந்து 0.74 வ-வை நீக்கும்போது மறுபக்கத்திலிருந்தும் நீக்கினோமே, அந்தச் செயல்தான் இங்கே உண்மை உலகில் நடந்திருக்கிறது.

(ஐ.நா. தன் கணக்கில் கணக்கெடுப்பின்போது விடுபட்டவர்களுக்கும் ஒரு மதிப்பீடு சேர்த்துக்கொள்கிறது. ஆகவே அவர்களுடைய தொடக்க எண்ணும் நம்முடையதும் அப்படியே ஒன்றல்ல. நம் ஒப்பீட்டை ஓரளவுக்குத்தான் நம்ப வேண்டும்.)

கூட்டுவதா, பெருக்குவதா?

தாளின் ஓரத்தில் குறித்து வைத்ததை இப்போது எடுங்கள். ‘ஆண்டுக்கு அதே 1.82 கோடி கூடுகிறது’ என்று எழுதியிருப்பீர்கள். இது நியாயமான எண்ணமா?

யோசித்துப் பாருங்கள். குழந்தைகளைப் பெறுபவர்கள் மக்கள்தான். மக்கள் அதிகமானால் பிறக்கும் குழந்தைகளும் அதிகமாகத்தானே வேண்டும்? அப்படியானால் மாறாமல் இருப்பது கூடும் எண்ணிக்கையாக இருக்காது, கூடும் பங்காக இருக்கும். நூற்றுக்கு இத்தனை பேர் என்ற விகிதம். தனி வட்டிக்கும் கூட்டு வட்டிக்கும் உள்ள வேறுபாடு இதேதான். தனி வட்டியில் ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கூட்டுவோம். கூட்டு வட்டியில் ஆண்டுதோறும் ஒரே எண்ணால் பெருக்குவோம்.

இந்தப் பெருக்கல் கணக்கை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பாடப்புத்தகத்தில் வைத்தவர் லியோனார்டு ஆய்லர். ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1707-இல் பிறந்த மாபெரும் கணிதமேதை. 1748-இல் அவர் வெளியிட்ட இலத்தீன் நூல் ஒன்றில் இப்படி ஒரு கேள்வி வருகிறது: ஒரு நாட்டில் ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள், ஆண்டுதோறும் முப்பதில் ஒரு பங்கு கூடுகிறார்கள், நூறு ஆண்டு கழித்து எத்தனை பேர் இருப்பார்கள்?

கூட்டல் வழியில் போனால், ஒரு லட்சத்தில் முப்பதில் ஒரு பங்கு சுமார் 3,333. நூறு ஆண்டுக்கு 3,33,333. இருந்த ஒரு லட்சத்தோடு சேர்த்தால் 4,33,333 பேர். பெருக்கல் வழியில் ஒவ்வோர் ஆண்டும் 31/30-ஆல் பெருக்க வேண்டும், நூறு தடவை. ஆய்லர் மடக்கையைப் பயன்படுத்திக் கண்ட விடை 26,54,874. ஆறு மடங்குக்கும் மேல் வித்தியாசம்! கேள்வியில் ஓர் எண்கூட மாறவில்லை. எதை மாறாததாக வைத்தோம் என்பது மட்டும்தான் மாறியது.

பெருக்கல் கணக்கில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 2011-இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. அது 2001-ஐவிட 15.6 சதவீதம் அதிகம். 2001-இல் எவ்வளவு? 7.21 கோடியில் 15.6 சதவீதத்தைக் கழித்தால் 6.09 கோடி வரும், அது தவறு. ஏனென்றால் அந்த 15.6 சதவீதம் 2001-இன் எண்ணிக்கையில் எடுத்தது, 2011-இன் எண்ணிக்கையில் அல்ல. 2001-இன் எண்ணை ‘ம’ என்று வைத்தால் 1.156 ம = 7.21. பெருக்கி ஏறியதை வகுத்துத்தான் இறங்க வேண்டும். விடை 6.24 கோடி. கணக்கெடுப்பில் வந்ததும் அதுதான்: 6,24,05,679.

சரி, பெருக்கல் வழியை இந்தியா, சீனாவுக்குப் போட்டுப் பார்ப்போம். 2001 முதல் 2011 வரை இந்தியா பத்தாண்டில் 17.7 சதவீதம் வளர்ந்தது. ஆண்டுக்கு 1.77 சதவீதம் என்று நினைக்காதீர்கள். பத்து ஆண்டும் பெருக்கிக்கொண்டே போவதால் ஆண்டுக்கு 1.64 சதவீதமே போதும். கையிலிருக்கும் போனில் 1.0164-ஐப் பத்து தடவை பெருக்கிப் பாருங்கள், 1.177-ஐ ஒட்டி வரும். சீனாவுக்கு ஆண்டுக்கு 0.57 சதவீதம்.

121.09-ஐ 1.0164-ஆல் பெருக்கிக்கொண்டே போங்கள். பக்கத்தில் 134.22-ஐ 1.0057-ஆல் பெருக்கிக்கொண்டே போங்கள். ஒன்பது ஆண்டு கழித்து இந்தியா 140.2, சீனா 141.3. பத்தாவது ஆண்டு இந்தியா 142.5, சீனா 142.1. அதாவது 2021 மார்ச்சுக்கு முன்பே இந்தியா முந்தியிருக்க வேண்டும்! கூட்டல் வழி சொன்னதைவிட இரண்டு ஆண்டுக்கும் மேல் முன்னால்.

எவ்வளவு விசித்திரம் பாருங்கள். மக்கள் அதிகமானால் குழந்தைகளும் அதிகமாகும் என்று அறிவோடு யோசித்துப் போட்ட கணக்குத் தவறிவிட்டது. யோசிக்காமல் போட்ட கூட்டல் கணக்கு பொருந்திவிட்டது. ஏன்?

பழைய கணக்கெடுப்புகளை எடுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். 1951-இல் இந்தியாவில் 36.11 கோடிப் பேர். 1961-இல் 43.92. 1971-இல் 54.82. 1981-இல் 68.33. 1991-இல் 84.64. பத்தாண்டுக்குக் கூடியதை வரிசையாக எழுதினால் 7.8, 10.9, 13.5, 16.3 கோடி. ஏறிக்கொண்டே போகிறது. இந்தக் காலத்தில் கூட்டல் வழி தோற்றிருக்கும், பெருக்கல் வழிதான் உதவியிருக்கும். உதாரணமாக 1961 முதல் 1971 வரை பத்தாண்டுக்கு 24.8 சதவீதம், ஆண்டுக்கு ஏறத்தாழ 2.2 சதவீதம். மாறாத விகிதத்தில் வளரும் எதுவும் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று தெரிய 70-ஐ அந்தச் சதவீதத்தால் வகுத்தால் போதும், ஏறக்குறைய சரியாக வரும். 70-ஐ 2.2-ஆல் வகுத்தால் சுமார் 32. 1961-இன் 43.92 கோடி இரட்டிப்பாகி 87.84 கோடி ஆனது எப்போது? 1991-இன் 84.64 கோடிக்கு மேல் இன்னும் 3.2 கோடி வேண்டும். ஆண்டுக்கு 1.82 கோடி கூடியது என்பதால் 1992 கடைசியிலேயே ஆகிவிட்டது. கிட்டத்தட்ட 32 ஆண்டு!

ஆனால் அடுத்த இரண்டு பத்தாண்டுகளைப் பாருங்கள். 1991-லிருந்து 2001 வரை கூடியது 18.2 கோடி. 2001-லிருந்து 2011 வரை கூடியதும் 18.2 கோடி. ஏற்றம் நின்றுவிட்டது. நுணுக்கமாகப் பார்த்தால் முந்தைய பத்தாண்டைவிடச் சில லட்சம் குறைவுகூட. சதவீதத்தைப் பார்த்தால், முதல் பத்தாண்டில் 84.64 கோடிக்கு 21.5 சதவீதம். அடுத்ததில் 102.87 கோடிக்கு 17.7 சதவீதம். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், இரண்டுக்கும் 18.2 கோடிதான் வரும். பெருக்கும் சதவீதம் சிறுத்தது, பெருக்கப்படும் எண் பெருத்தது. பெருக்கல் பலன் அப்படியே நின்றது. நாம் ‘ஆண்டுக்கு 1.82 கோடி’ என்று மாறாமல் வைத்தது பலித்தது இதனால்தான்.

செய்தித்தாளில் ‘மக்கள்தொகை வளர்ச்சி குறைந்தது’ என்று தலைப்பு வந்தால், மக்கள்தொகையே குறைந்துவிட்டது என்று பெரியவர்களில் பலர்கூட நினைத்துக்கொள்கிறார்கள். 17.7 சதவீதம் 21.5-ஐவிடக் குறைவு, ஆனால் 18.2 கோடிப் புது மக்கள் வந்திருக்கிறார்கள். இது தெரிந்த ஒரு சிறுவனோ சிறுமியோ வீட்டில் இருந்தால் அந்த வீட்டில் செய்தித்தாள் சரியாகப் படிக்கப்படும்.

சதவீதம் ஏன் சிறுத்தது? விடுதலை அடைந்த காலத்தில் நம் நாட்டில் ஒரு தாய்க்குச் சராசரியாக ஏறத்தாழ ஆறு குழந்தைகள். உங்கள் கொள்ளுப்பாட்டியின் உடன்பிறந்தவர்களை எண்ணிப் பாருங்கள், புரியும். 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில் அது 2.0. தமிழ்நாட்டில் 1.8. பெண்கள் படித்ததும், குழந்தைகள் சாகாமல் பிழைத்ததும், திருமண வயது தள்ளிப்போனதும் இதற்குப் பின்னால் இருக்கின்றன. சீனாவில் 2020 கணக்கெடுப்பின்போது அது 1.3 தான். 2022-இல் சீனாவின் மக்கள்தொகை சுமார் 8.5 லட்சம் குறையவே தொடங்கிவிட்டது. நம் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் ‘+ 0.74 வ’ என்று எழுதினோமே, அந்தக் கூட்டல் குறி இப்போது கழித்தல் குறியாகிவிட்டது.

குறையும் கணக்குக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நீலகிரி மாவட்டத்தில் 2001-இல் 7,62,141 பேர். 2011-இல் 7,35,394 பேர். அங்கே குழந்தைகள் பிறக்காமல் இல்லை. மக்கள்தொகைக் கணக்கில் பிறந்தவர்களைக் கூட்டுவது, இறந்தவர்களைக் கழிப்பது மட்டும் போதாது, குடிவந்தவர்களைக் கூட்டி, குடிபோனவர்களைக் கழிக்கவும் வேண்டும். அந்தப் பத்தாண்டில் நீலகிரியில் குறைந்தவர்கள் 26,747. ஆண்டுக்குச் சுமார் 2,675. கூட்டல் வழியில் ஒரு கேள்வி: நீலகிரியில் ஒருவர்கூட இல்லாமல் போவது எப்போது?

7,35,394 − 2,675 வ = 0

வ = 275 வரும். 2286-ஆம் ஆண்டில் நீலகிரி காலி! சமன்பாட்டைச் சரியாகத்தான் தீர்த்தோம், ஆனால் இந்த விடையை யார் நம்புவார்கள்? ஊட்டியில் கடைசி மனிதரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும் வரை ஆண்டுக்கு 2,675 பேர் தவறாமல் வெளியேறுவார்களா? இதையே பெருக்கல் வழியில் போட்டால், பத்தாண்டுக்கு 3.5 சதவீதம் குறைந்துகொண்டே போகும். ஒருநாளும் பூஜ்யம் ஆகாது. இருப்பதில் ஒரு பங்கைத்தானே எடுக்கிறோம், ஏதாவது மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். எவ்வளவு தூரம் வரை ஒரு சமன்பாட்டை இழுக்கலாம் என்பதைச் சமன்பாடு சொல்லாது. நாம்தான் முடிவு செய்ய வேண்டும். பத்து, பன்னிரண்டு ஆண்டுக்குக் கூட்டல் வழியை நம்பினோம், பலன் கிடைத்தது. 275 ஆண்டுக்கு நம்பினால் இப்படித்தான் ஆகும்.

சில நேரம் எந்த வழியும் உதவாது. 1911-இல் இந்தியாவில் 25.21 கோடிப் பேர். 1921-இல் 25.13 கோடி. 1901-லிருந்து எடுத்த கணக்கெடுப்புகளில் நாட்டின் மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு இதுதான். 1918-இல் பரவிய கொடிய இன்ஃப்ளூயன்சா காய்ச்சலில் கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவில் இறந்தார்கள். 1911-இல் உட்கார்ந்து எவ்வளவு கவனமாகச் சமன்பாடு எழுதியிருந்தாலும் அந்தக் காய்ச்சலுக்கு அதில் ஓர் எழுத்து இருந்திருக்காது.

அதனால்தான் கணக்கு போட்டுவிட்டோம் என்று எண்ணுவதை விட்டுவிட முடியாது. தள்ளிப்போன கணக்கெடுப்புக்கு அரசு நாள் குறித்துவிட்டது. பனி மூடும் சில மலைப்பகுதிகளைத் தவிர, நாடு முழுவதற்கும் 2027 மார்ச் 1-தான் கணக்கு நாள். 2011 மார்ச் 1-லிருந்து சரியாகப் பதினாறு ஆண்டு. நீங்களே முன்கூட்டிச் சொல்ல ஒரு நல்ல வாய்ப்பு இது.

கூட்டல் வழியில் 121.09 + 1.82 × 16 என்றால் 150.2 கோடி. பெருக்கல் வழியில் 121.09-ஐ 1.0164-ஆல் பதினாறு தடவை பெருக்கினால் சுமார் 157 கோடி. நடுவில் இருக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஏழு கோடிப் பேர். 2011-இல் தமிழ்நாட்டில் இருந்த மொத்த மக்களுக்குக் கிட்டத்தட்டச் சமம்! எதை மாறாமல் வைக்கிறோம் என்ற ஒரே தீர்மானத்தில் ஒரு தமிழ்நாடே கூடிக் குறைகிறது. அதற்காக அந்த இரண்டில் ஒன்றைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும் என்பதில்லை. ஆண்டுக்குக் கூடுவது 1.82-இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்று நினைத்தால் 150.2-ஐவிடச் சிறிய எண் கிடைக்கும். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று நினைக்கிறீர்கள்? உங்கள் வகுப்பில், உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு ஒரே ஒரு உடன்பிறப்பு, எத்தனை பேருக்கு யாருமே இல்லை, எத்தனை பேருக்கு மூன்று நான்கு என்று கேட்டு எழுதிப் பாருங்கள். அதன் பிறகு உங்கள் எண்ணை முடிவு செய்யுங்கள். நோட்டில் தேதியோடு குறித்து, எதை மாறாமல் வைத்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். கணக்கெடுப்பு முடிவு வெளியாகும் நாளில் உங்கள் எண்ணுக்கும் அதற்கும் எத்தனை கோடி வித்தியாசம் என்று கழித்துப் பார்க்க அது வேண்டும்.